நியூயார்க் விலை, நாகலூர் மூட்டை: எங்கள் காபித்தூள் கடை மீண்ட விதம்

சேலம் அம்மாப்பேட்டையில் எங்களுக்கு ஒரு காபித்தூள் கடை இருக்கிறது. மாமனார் ஆரம்பித்தது. வறுக்கும் மெஷின் ஒன்று, அரைக்கும் மெஷின் இரண்டு, முன்னால் ஒரு தராசு, அவ்வளவுதான் சொத்து. கொட்டையை வறுத்து, கேட்கிற அளவுக்குச் சிக்கரி கலந்து, கண்ணெதிரே அரைத்துக் கொடுக்கிற கடை. 2020-இல் மூடிவிடலாமா என்று வீட்டில் பேசுகிற நிலைக்கு வந்து, பிறகு மெல்ல எழுந்தது.

இதைச் சொன்னால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "ஆன்லைன்ல விக்க ஆரம்பிச்சீங்களா?" என்பதுதான். விற்றோம். அதில் பெரிதாக ஒன்றும் வரவில்லை. போன் எங்களுக்குக் கைகொடுத்தது வாங்குகிற பக்கத்தில். கொட்டையை யாரிடம், என்ன விலைக்கு, எப்படி வாங்குவது என்பது மாறியதால்தான் கடை இன்று நிற்கிறது. அதை விவரமாக எழுதுகிறேன், சின்னதாக உணவுத் தொழில் நடத்துகிறவர்களுக்கு உபயோகப்படலாம்.

முன்பு எங்கள் வியாபாரம் இரண்டு பக்கமும் கடனில் ஓடியது. சிக்மகளூர், குடகுப் பக்கத்துக் கொட்டையை ஒரு புரோக்கர் மூலம் ஒரு மாதத் தவணையில் எடுப்போம். இந்தப் பக்கம் ஓட்டல், மெஸ், டீக்கடைகளுக்குத் தூள் போடுவோம். அவர்கள் கொடுக்கிறபோது வாங்கிக்கொள்வோம். கல்லாவில் பணம் புழங்கிக்கொண்டே இருந்ததால் யாருக்கும் எதுவும் உறுத்தவில்லை. 2020 மார்ச் 25-ஆம் தேதி ஊரடங்கு வந்ததும் ஓட்டல்கள் மூடின. புரோக்கர் பழைய பாக்கியைக் கேட்டார், புதுச் சரக்குக்கு ரொக்கம் என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு மேலேயும் ஒருவர் பணத்துக்கு நின்றுகொண்டிருந்தார். உணவுப் பொருள் என்பதால் கடையைக் குறிப்பிட்ட நேரம் திறக்க அனுமதி இருந்தது. திறந்து வைத்து விற்கத்தான் கொட்டை இல்லை.

வங்கி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரிசர்வ் வங்கி அந்த வருடம் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணை கட்ட அவகாசம் கொடுத்தது. அது தள்ளிவைப்புதான், தள்ளுபடி கிடையாது. வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. கையில் காசு இருந்தவர்களும் கட்டாமல் விட்டு, பிறகு முழித்ததைப் பார்த்தேன். எங்களுக்கு உண்மையிலேயே உதவியது அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம். 2020 பிப்ரவரி 29 அன்று நிலுவையில் இருந்த கடனில் 20 சதவீதம் வரை, புதிதாக எதையும் அடமானம் வைக்காமல், முதல் வருடம் அசல் கட்டத் தேவையில்லாமல் கொடுத்தார்கள். வந்த தொகை சிறியது. அதைக் கொண்டு புரோக்கரின் பாக்கியை முழுதாக அடைப்பதா, கொஞ்சம் கொடுத்துவிட்டு மீதியில் புதுச் சரக்கு வாங்குவதா என்று வீட்டில் பெரிய வாக்குவாதம். கடைசியில் பாதிப் பாக்கி கொடுத்தோம், மீதிக்குத் தேதி சொன்னோம்.

அந்தச் சும்மா இருந்த நாட்களில் நான் செய்த முதல் காரியம், கடை நோட்டுப் புத்தகத்தில் இருந்த பற்றுவரவு முழுவதையும் போனில் ஒரு அட்டவணையில் ஏற்றியது. நோட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் இருக்கும். எல்லோரையும் சேர்த்துப் பார்க்க முடியாது. அட்டவணையில் பெரிய பாக்கியிலிருந்து சின்ன பாக்கி வரை வரிசைப்படுத்தியதும் படம் தெளிவாகிவிட்டது. எங்களிடம் அதிகத் தூள் வாங்கியவர்கள்தான் அதிகத் தாமதமாகக் கொடுத்தவர்கள். குறைந்த லாபத்தில் அவர்களுக்குப் போட்டு, அந்தத் தாமதத்துக்கான வட்டியை வங்கிக்கு நாங்கள் கட்டிக்கொண்டிருந்தோம். கால் கிலோ வாங்கிக் கையோடு காசு கொடுத்த வீட்டுக்காரர்கள்தான் கடையைத் தாங்கியிருக்கிறார்கள். மாமாவுக்கு இது மனதுக்கு ஒப்பவே இல்லை. "இருபது வருஷமா வாங்கறவங்கம்மா" என்றார். இருபது வருடமாகவா என்றுதான் எனக்குத் தோன்றியது, சொல்லவில்லை.

சரி, கொட்டைக்கு வருவோம். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் ஏற்காடு. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து வைத்த காபி, இருநூறு வருடமாக அந்த மலையில் விளைகிறது. சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி, அதன் நிழலில் அராபிகா வகைக் காபி. அடிவாரத்தில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் சிக்மகளூர்க் கொட்டை வாங்கியது வெளியாட்களுக்கு வேடிக்கையாக இருக்கும். காரணம் உண்டு. புரோக்கரிடம் வருவது தோல் நீக்கி, தரம் பிரித்து, அப்படியே மெஷினில் கொட்டலாம் என்ற சரக்கு. மலையில் பெரிய எஸ்டேட்டுகள் எங்களைப் போன்ற கடைக்கு இரண்டு மூட்டை கொடுக்க மெனக்கெடாது. ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கிற மலைவாழ் மக்களோ பழத்தை அப்படியே வெயிலில் காயவைத்து, ஊருக்கு வருகிற வியாபாரியிடம் போட்டுவிடுவார்கள். ஒருவரிடம் மூன்று மூட்டை, இன்னொருவரிடம் ஒன்றரை. ஒன்று நன்றாகக் காய்ந்திருக்கும், ஒன்று ஈரம். அதைச் சேர்த்து, உடைத்து, சலித்து, கருப்புக் கொட்டை பொறுக்கி எடுக்கிற வேலை முழுவதும் நம் தலையில் விழும்.

அந்த வேலையை எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். எங்களிடம் அப்போது பணம் குறைவு, ஆள் நேரம் மட்டும் நிறைய இருந்தது. காய்ந்த பழத்தின் தோலை உடைக்கிற பழைய ஹல்லர் மெஷின் ஒன்று கிடைத்தது. சல்லடைகள் வாங்கினோம். ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கமும் மஞ்சக்குட்டைப் பக்கமும் தெரிந்தவர் மூலம் சில குடும்பங்களிடம் பேச ஆரம்பித்தோம்.

முதல் தடை விலை. ஒரு பெரியம்மா நேராகவே கேட்டார்: "நீ சொல்ற வெலதான் நெசம்னு நான் எப்படிக் கண்ணு நம்பறது?" நியாயமான கேள்வி. காபி விலையை முடிவு செய்வது நாகலூரும் இல்லை, சேலமும் இல்லை. அராபிகா விலை நியூயார்க் சந்தையிலும் இன்னொரு வகையான ரொபஸ்டாவின் விலை லண்டன் சந்தையிலும் ஏறி இறங்கும். பிரேசிலில் மழை தவறினால் இங்கே விலை கூடும். அதில் எவ்வளவு மலைக்கு வந்து சேருகிறது என்பது இடையில் இருப்பவரைப் பொறுத்தது. காபி வாரியம் தினசரி விலையைத் தன் இணையதளத்தில் போடுகிறது. 50 கிலோ மூட்டைக்கு, காய்ந்த பழம் இவ்வளவு, பார்ச்மென்ட் (சதையை நீக்கிக் காயவைத்த, உள்தோல் போகாத கொட்டை) இவ்வளவு என்று தாழ்ந்த விலையும் உயர்ந்த விலையும் இருக்கும். அந்தப் பக்கத்தைத் திறந்து அவர் மகனிடம் காட்டினேன். அன்றைய தாழ்ந்ததற்கும் உயர்ந்ததற்கும் நடுவில் ஒரு விலை, பழுத்த பழம் மட்டும் பறித்தால் அதற்கு மேல் கொஞ்சம், வண்டி வாடகை எங்களுடையது. இதுதான் ஒப்பந்தம். எழுத்தில் எதுவும் இல்லை. தினமும் காலையில் அந்த விலையை ஒரு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவேன். சிக்னல் கிடைக்கிற வளைவுக்கு வரும்போது பார்த்துக்கொள்வார்கள்.

அப்புறம் அவுட்டர்ன், அதாவது உடைத்தால் எவ்வளவு கொட்டை தேறும் என்ற தகராறு. காய்ந்த பழம் 50 கிலோ உடைத்தால் சுத்தக் கொட்டை ஏறக்குறைய 26 கிலோ தேறும். பார்ச்மென்ட் என்றால் சுமார் 40 கிலோ. இது மூட்டைக்கு மூட்டை மாறும், அதைக் கண்ணால் பார்த்தே "இருபத்திநாலுதான் தேறும்" என்று குறைத்துச் சொல்வது பழைய வியாபாரத் தந்திரம். நாங்கள் மூட்டையிலிருந்து ஒரு கிலோ எடுத்து அவர்கள் முன்னாலேயே உடைத்து, எலக்ட்ரானிக் தராசில் நிறுத்துக் காட்டுவோம். 530 கிராம் வந்தால் 530 கிராமுக்கு விலை.

ஈரத்துக்கு மாய்ஸ்சர் மீட்டர். கொட்டையில் ஈரம் பத்து, பதினொன்று சதவீதத்தில் நிற்க வேண்டும். பதினான்கு என்றால் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறோம் என்று அர்த்தம், மூட்டையில் பூஞ்சையும் பிடிக்கும். மாமா கொட்டையைப் பல்லில் கடித்தே சொல்லிவிடுவார், பெரும்பாலும் சரியாகவும் இருக்கும். ஆனால் விற்கிறவர் ஏன் மாமாவின் பல்லை நம்ப வேண்டும்? மீட்டரை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவோம். ஒரு வருடம் கழித்து, "மீட்டர் பதிமூணு காட்டுது, இன்னும் ரெண்டு நாள் காயட்டும்" என்று அவர்களே போனில் சொல்கிற அளவுக்கு வந்தது. இத்தனை வருடத்தில் கடைக்கு வாங்கியதிலேயே உருப்படியான டிஜிட்டல் சாமான் எதுவென்று கேட்டால் அந்த மீட்டரைத்தான் சொல்வேன்.

பணம் அன்றைக்கே போய்விட வேண்டும், இதில் சமரசம் கிடையாது. வியாபாரி முன்பணம் கொடுத்து விளைச்சலைப் பிடித்து வைக்கிற மலையில், நாங்கள் முன்பணம் கொடுக்க வசதி இல்லாதவர்கள். எங்களால் தரக்கூடியது, மூட்டை எடை போட்டு முடிப்பதற்குள் வங்கிக் கணக்கில் பணம். யுபிஐ இல்லாமல் இது நடந்திருக்காது. ரொக்கத்தைப் பையில் வைத்துக்கொண்டு மலையேறுவது எனக்குத் தைரியம் வராத வேலை. ஒன்று கவனிக்க வேண்டும்: பணம் விளைவித்தவர் பெயரில் உள்ள கணக்குக்கே போகட்டும். மருமகன் கணக்கு, பக்கத்து வீட்டுப் பையன் கணக்கு என்று போனால் அது அந்த வீட்டுக்குள் சண்டையாகி, கடைசியில் பழி நமக்கு வரும்.

மலைக்கொட்டை வந்ததும் ருசி மாறியது. ஏற்காட்டு அராபிகா மணம் நிறைந்தது, ஆனால் மென்மை. எங்கள் வாடிக்கையாளர்கள் ரொபஸ்டா கலந்த கெட்டி டிகாஷனுக்குப் பழகியவர்கள். மாமா ஒரு மாதம் போலக் கலவையை மாற்றி மாற்றிப் போட்டு, ரொபஸ்டாவைக் குறைத்து, வறுவலை ஒரு சாயல் கூட்டி ஒரு இடத்தில் நிறுத்தினார். ரொபஸ்டா இன்னும் வயநாட்டிலிருந்துதான் வருகிறது. சிக்கரி குஜராத், உத்தரப் பிரதேசத்தில் விளைவது. எல்லாம் உள்ளூரிலேயே என்று போர்டு வைக்கிற தகுதி எங்களுக்கு இல்லை, வைக்கவும் இல்லை. பாக்கெட்டில் காபி இவ்வளவு, சிக்கரி இவ்வளவு என்று சதவீதம் போடுகிறோம். அது சட்டமும்கூட, காபி–சிக்கரி கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. கூடவே வறுத்த தேதியையும் ஒட்டுகிறோம். சட்டம் கேட்காத அந்தத் தேதியைத்தான் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்கிறார்கள்.

கணக்கில் ஒரு விஷயம். பச்சைக் கொட்டை 100 கிலோ வறுத்தால் 83, 84 கிலோதான் மிஞ்சும். கருப்புக் கொட்டை பொறுக்கியது, சல்லடையில் போனது தனி. இதைச் சேர்க்காமல் "மலையில் நேரடியாக வாங்கினோம், மலிவு" என்று விலை போட்டால் நஷ்டம்தான். எங்களுக்கு நேரடிக் கொள்முதல் மலிவாக வரவில்லை, புரோக்கர் விலைக்குப் பக்கத்தில்தான் நின்றது. வித்தியாசம் என்னவென்றால், தேவைக்கு மூன்று மூட்டை, நான்கு மூட்டை என்று வாங்க முடிந்தது, சரக்கில் பணம் முடங்கவில்லை. இன்ன ஊர்க் கொட்டை என்று சொல்லி வீட்டுக்காரர்களிடம் கிலோவுக்குக் கூடுதலாக வாங்கவும் முடிந்தது. அதே குடும்பங்களின் மிளகையும் சின்னப் பாக்கெட்டில் போட்டோம். முதல் வருடம் காபியைவிட மிளகில்தான் லாபம் நின்றது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

விற்கிற பக்கம் எளிமையானது. வாட்ஸ்அப் பிசினஸில் கடைக் கணக்கு. வறுக்கிற நாளன்று காலையில் "இன்று வறுவல்" என்று ஒரு செய்தி. பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் செய்தி போய்ச் சேரும். அதனால் கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் "நம்பரை சேவ் பண்ணிக்கோங்க்கா" என்று கேட்பது என் வேலை. கொழுந்தனார் டிவிஎஸ் ஃபிஃப்டியில் அஸ்தம்பட்டி, ஃபேர்லாண்ட்ஸ், சூரமங்கலம் வரை கொண்டுபோய்க் கொடுப்பார். கடையில் கியூஆர் அட்டையோடு, பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்கிற ஒலிபெருக்கிப் பெட்டியும் வைத்துக்கொள்ளுங்கள். பணம் அனுப்பியதாகப் பொய் ஸ்கிரீன்ஷாட் காட்டுகிறவர்கள் பெருநகரத்தில் மட்டும் இல்லை.

பெரிய விற்பனைத் தளம் ஒன்றிலும் போட்டுப் பார்த்தோம். கமிஷன், கூரியர், விளம்பரம் எல்லாம் போக மிஞ்சியதை எண்ண விரல்களே போதும். திரும்பி வந்த பாக்கெட்டை மறுபடி விற்க முடியாது, மணம் போய்விடும். கெட்டுப்போகாத பொருள், பரிசுப் பொருள் விற்பவர்களுக்கு அது சரிப்படலாம். வறுத்த சூடு ஆறாத தூளை விற்கிறவர்களுக்குச் சேலமே போதும் என்று எனக்குப் படுகிறது.

உள்ளூர்ச் சரக்கு என்றாலே சுத்தம் என்று நினைத்துவிட வேண்டாம். கொரோனா சமயத்தில் சுக்குக் காபித் தூளுக்கு நல்ல கிராக்கி. நாட்டுச் சர்க்கரை போட்டுச் செய்யலாம் என்று இறங்கினோம். செவ்வாய்ப்பேட்டை வெல்ல மண்டி பக்கத்திலேயே இருக்கிறது, ஓமலூர் வட்டாரத்தில் ஆலைகள் நிறைய. ஆனால் அங்கே சீனி கலப்பு, நிறத்துக்கு ரசாயனம் என்று உணவுப் பாதுகாப்புத் துறை அடிக்கடி சோதனை போட்டுப் பறிமுதல் செய்வதும் ஊரறிந்த சங்கதி. பளீரென்று மஞ்சளாக மின்னுகிற வெல்லத்தை ஒதுக்கிவிட்டு, கருத்துப் போய் யாரும் கேட்காமல் கிடந்ததை, கரும்பு அரைக்கிற இடத்துக்கே போய்ப் பார்த்து வாங்கினோம். உப்பு ருசி கொஞ்சம் தூக்கலாக இருக்கும், சுக்குக்கு அது பொருந்தியது.

2024-இல் அடுத்த அடி. வியட்நாமிலும் பிரேசிலிலும் வறட்சி. லண்டனில் ரொபஸ்டா டன்னுக்கு 5,000 டாலரைத் தாண்டியது. நியூயார்க்கில் அராபிகா 2025 பிப்ரவரியில் பவுண்டுக்கு 4 டாலருக்கு மேல் போனது. தினமும் நான் போடுகிற விலையைப் பார்த்து மலையில் சந்தோஷம், கடையில் கலக்கம். விலையை நாங்களே காட்டிப் பழக்கியதால் குறைத்துக் கேட்க வழியில்லை, கேட்கவும் கூடாது. வாடிக்கையாளர்களுக்கும் அதே விலைப் பட்டியலை அனுப்பினேன், "போன வருடம் இது, இப்போது இது" என்று. சிலர் விலகினார்கள். பலர் அரைக் கிலோவிலிருந்து கால் கிலோவுக்கு இறங்கினார்கள், அதனால் 100 கிராம் பாக்கெட்டும் போட ஆரம்பித்தோம். புரோக்கரை நம்பியிருந்த மற்ற கடைகளில் சிக்கரி சதவீதம் சத்தமில்லாமல் ஏறியது. எங்களுக்கும் அந்த யோசனை வராமல் இல்லை, பாக்கெட்டில் அச்சடித்த எண் தடுத்தது.

இதற்கு நடுவே 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை. அறுவடைக் காலம். மலைப்பாதையில் மண் சரிந்தது, களத்தில் காயப்போட்ட பழம் நனைந்தது. பூஞ்சை பிடித்த மூட்டைகளை நாங்கள் வாங்கவில்லை. பழகிய முகத்தைப் பார்த்து அதைச் சொல்வது இந்தத் தொழிலிலேயே கடினமான வேலை. பக்கத்தில் வாங்குவதில் இந்த ஆபத்து உண்டு: ஒரே மழை விளைவிக்கிறவரையும் வாங்குகிறவரையும் சேர்த்து நனைக்கும். அதன் பிறகு தேவையில் மூன்றில் ஒரு பங்கை வெளியிலிருந்து வாங்குவது என்று வைத்துக்கொண்டோம். பழைய புரோக்கரிடம்தான், அவர் பாக்கியைச் சொன்ன தேதியில் தீர்த்திருந்ததால் போன் எடுத்தார்.

ஓட்டல் பாக்கிக்கு வழி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 2020 ஜூலையில் குறு, சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு வந்தபோது பதிந்து வைத்திருந்தோம். அது இணையத்தில் இலவசம், ஏஜெண்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். குறு, சிறு உற்பத்தியாளரிடம் வாங்கினால் எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளிலும், இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் கொடுக்க வேண்டும் என்பது 2006 முதலே சட்டம். யாரும் சட்டை செய்ததில்லை. ஆனால் 2023–24 நிதியாண்டிலிருந்து, அந்தக் கெடுவைத் தாண்டிய பாக்கியைக் கொடுத்து முடிக்கும்வரை வாங்கியவர் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்று விதி மாறியது. 2024 மார்ச் கடைசியில் நாங்கள் கேட்காமலே இரண்டு ஓட்டல்களின் ஆடிட்டர்கள் எங்கள் உத்யம் எண்ணைக் கேட்டார்கள், பணமும் வந்தது. இப்போது எல்லா பில்லிலும் அந்த எண்ணை அச்சடிக்கிறோம். வாங்கி விற்கிற வியாபாரிகளுக்கு இந்தச் சலுகை பொருந்தாது, உற்பத்தி செய்கிறவர்களுக்கும் சேவைத் தொழில்களுக்கும்தான். வறுத்து அரைப்பது உற்பத்தியில் வரும்.

இப்போது புது வறுவல் மெஷினுக்காக, குறு உணவுத் தொழில்களுக்கான பிரதமரின் திட்டத்தில் விண்ணப்பித்திருக்கிறோம். திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை மானியம், மீதியில் பெரும்பகுதி வங்கிக் கடன். விண்ணப்பத்துக்கு உதவ மாவட்டத்தில் வள நபர்கள் உண்டு; அவர்களுக்கு நாம் கட்டணம் தர வேண்டியதில்லை. வங்கி மேலாளர் முதலில் கேட்டது மூன்று வருடக் கணக்கு அறிக்கை. கால் கிலோ, 100 கிராம் என்று யுபிஐயில் வந்த ஒவ்வொரு தொகையும், மலைக்குப் போன ஒவ்வொரு தொகையும் அதில் வரிவரியாக இருந்தன. பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு, இவ்வளவு சின்னத் தொகைகளாகவா என்று கேட்டார். மெஷினுக்குக் கொட்டேஷன் இரண்டு கம்பெனியிடம் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார். ஒன்று வந்துவிட்டது, இன்னொன்றுக்குக் கோயம்புத்தூர் போக வேண்டும்.